ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பார்த்தாயா?

உனக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கல்யாண மண்டபத்து வாசலில் என்ன பூ வைப்பது என்பதைப் பற்றி உன் அம்மாவிடம் ஃபோனில் அத்தனை நேரம் பேசத் தெம்புள்ளவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? அதே ஃபோனை நான் வாங்கிக் காதில் வைத்ததும், "கேக்கல பா… விட்டு விட்டு வருது பா… அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். தீவுக்கு ஃபோன் சரியாக வராது என்பது உனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. காகிதம் விட்டு விட்டு வராது. அதனால் எழுதுகிறேன். உறையில் போடுவதற்கு முன் இதை உன் அம்மாவுக்கும் தங்கைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டப்போகிறேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாசிக்கட்டும். தான் வரப்போகிற வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரிய வேண்டும்.

உன் தங்கை புஷ்பா மலை இறக்கத்தில் வண்டியோடு விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீ சொன்ன முதல் வார்த்தை, அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது. இரண்டாவது, வண்டியை விற்றுவிடுங்கள் என்பது. போன வாரம் மூன்றாவதையும் சொன்னாய். பெண்ணின் பெரியம்மா கை எப்படி முறிந்தது என்று விசாரித்தாராம். "பொம்பளப் பிள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டி விழுந்தான்னா அவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்கம்மா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிருங்க, முடிஞ்சிச்சு" என்றாய். உன் அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். புஷ்பா பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கத்தி நிற்கவில்லை. நறுக்கிக்கொண்டே இருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய புஷ்பாவாக இருந்தால் ஃபோனைப் பிடுங்கி உன்னை நார் நாராகக் கிழித்திருப்பாள். இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வீட்டுக் குளியலறைத் தரை நான் என் கையால் சொரசொரப்பாகச் சிமெண்டு பூசியது. அதில் இன்றுவரை ஒருவரும் வழுக்கியதில்லை. உன் மானத்தைக் காப்பாற்ற என் தரைமேல் பழி போடாதே.

நீ வண்டிக்கு அந்த பிரேக் லைனை, பிரேக் ஆயில் ஓடுகிற குழாயை, மாட்டிய நாளுக்கு வருகிறேன். மறுநாள் உனக்குச் சென்னைக்குக் கப்பல். பழைய ரப்பர் ஹோஸில் ஒரு குறையும் இருக்கவில்லை. "இது அமுக்குனா வீங்கும் பா. ஸ்டீல் பின்னின லைன் வீங்காது. பிரேக் கல்லு மாதிரி பிடிக்கும்" என்றாய். ஆன்லைனில் சொல்லி வரவழைத்தது, கப்பல் தாமதமாகி நீ கிளம்பும் தறுவாயில் வந்து சேர்ந்தது. போகட்டும், தங்கை ஓட்டப்போகிற வண்டிக்கு நல்லதாக ஏதாவது செய்துவிட்டுப் போக நினைக்கிறான் என்று நானும் ஸ்பேனர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். "நீங்க டிராக்டர் ஆளு பா. இது ஹைட்ராலிக். ஒரு தூசி பட்டாப் போச்சு, தள்ளி நில்லுங்க" என்றாய். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் டிராக்டரை யாரும் சொல்லித் தராமல் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன் நான். தள்ளி நிற்கச் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். இருந்தும் நின்றேன். ஊருக்குப் போகிற பிள்ளையோடு எதற்குச் சண்டை என்றுதான் நின்றேன்.

பழைய பிரேக் ஆயிலைப் பிடிக்க உன் அம்மா அரிசி களைகிற சட்டியை எடுத்தாய். "எடுபட்டவனே, அது சோத்துச் சட்டிடா!" என்று அவள் கத்திக்கொண்டு வருவதற்குள் ஆயில் சட்டிக்குள் இறங்கிவிட்டது. புது லைனுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற ஒருவர் மேலே லீவரை அமுக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். நீ கீழே உட்கார்ந்தாய், புஷ்பா மேலே உட்கார்ந்தாள். "பிடி… பிடிச்சிக்கிட்டே இரு… விடாத… இப்ப விடு." "கை மரத்துப்போச்சு அண்ணே." "இன்னும் குமிழி வருது, பிடி." "அடுத்த தடவ இந்த வேலைக்கு அண்ணியக் கூப்புடு. நான் வரமாட்டேன்." நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் தள்ளித்தான் நின்றேன். நீ அவளுக்குக் கெடுதல் நினைத்து எதையும் செய்யவில்லை. அதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது.

புது லைன் பழையதைவிட நீளம். மிச்சம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வளைந்து தொங்கியது. அது உன் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது. இரண்டு பிளாஸ்டிக் டையை எடுத்து, அந்த மிச்சத்தை டாங்கின் கழுத்துக்குக் கீழே ஃபிரேமோடு சேர்த்து, வயர்க்கட்டோடு ஒன்றாக இறுக்கி, டையின் வாலை நறுக்கினாய். பழைய ஹோஸ், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் ஒரு சின்னக் கிளிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிளிப்பைக் கழற்றி என் ஆணி டப்பாவில் போட்டாய். தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தாய். பிரேக் நீ சொன்னபடியே கல்லு மாதிரிதான் பிடித்தது. ஃபோட்டோ எடுத்துச் சிநேகிதர்களுக்கு அனுப்பினாய். சாவியைத் தங்கை கையில் போட்டு, "என்ஜாய்" என்றாய். பெட்ரோல் எவ்வளவு போட வேண்டும் என்று சொன்னாய், ஹெல்மெட்டின் வார் எப்படி மாட்டுவது என்று சொன்னாய். லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, அதில் ஆயில் கோட்டுக்குக் கீழே போனால் வண்டியை எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு ஓட்டத் தெரியாது என்றாய் அல்லவா, அவள் ஓட்டியதைச் சொல்கிறேன் கேள். நீ இருந்தவரை அது ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய் வந்த வண்டி. அவளுக்கு அப்படி இல்லை. காலையில் கராச்சர்மா வீட்டிலிருந்து கிளம்பி டவுன் நெரிசலுக்குள் புகுந்து சாத்தம் போக வேண்டும். அங்கே வண்டியோடு ஃபெர்ரியில் ஏறி அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இறங்க வேண்டும். இறங்கி, முதுகில் தடுப்பூசிப் பெட்டியோடு மலை ஏறி, குடியிருப்பு குடியிருப்பாகப் போக வேண்டும். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த நர்ஸம்மா ஜீப் கிடைக்கிற அன்று மட்டும்தான் மேலே போவாராம். இவள் போன பிறகு மேலே இருக்கிற தாய்மார்கள் மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்தே பிள்ளையைக் குளிப்பாட்டித் தயாராக வைத்திருப்பார்களாம். "ஊசிக்காரி வந்துட்டான்னு பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்குதுங்க பா" என்று அவள் பெருமையாகச் சொல்வாள். மழையிலும் போனாள். ஒருநாளும் விழவில்லை.

சில வாரங்கள் கழித்து டாங்கின் கழுத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிய ஆரம்பித்தது. இந்தத் தீவில் எது உரிந்தாலும் அதற்குப் பெயர் உப்புதான். கதவு உரிந்தால் உப்பு, கூரைத் தகரம் ஓட்டையானால் உப்பு, மனுசன் தோல் உரிந்தாலும் உப்பு. உன் அம்மா உப்பு என்றாள். பக்கத்து வீட்டு வங்காளி மாமா வந்து பார்த்து, "நமக் ஹை, ஔர் க்யா" என்றார். உப்புதான், வேறென்ன என்று நானும் தலையாட்டி, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். அவளும் ஒவ்வொரு சாயங்காலமும் துடைத்துத் தடவினாள். கடலைக் காணாத ஊர்க்காரனாக இருந்திருந்தால் வேறு காரணம் தேடியிருப்பான். பெயிண்டைத் தின்றது உப்பு இல்லை, பிரேக் ஆயில். லீவருக்குப் பக்கத்தில் லைன் சேரும் போல்ட்டில் கசிந்து, லைன் வழியாகவே இறங்கி, நீ டை போட்ட இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட அந்தக் கண்ணாடியில் ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஊசி போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்குகிறாள். வளைவில் ஒரு ஆட்டுக்குட்டி. முன் பிரேக்கைப் பிடித்தாள். லீவர் கஞ்சிக்குள் விரலை விட்டதுபோல ஒரு தடையும் இல்லாமல் கைப்பிடி வரை வந்துவிட்டது. பின் பிரேக்கை மிதித்தாள். ஈர இலைமேல் பின் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ராஞ்சிக்கார அம்மா ஓடி வந்து, "குச் நஹி ஹுவா பேட்டி, உட்டோ" என்று தூக்கியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை மகளே, எழுந்திரு என்று அந்த அம்மா சொல்லும்போது மணிக்கட்டு வேறு திசையில் திரும்பி நின்றிருக்கிறது. புஷ்பா முதலில் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டியின் மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். திறக்கவில்லை. மிச்ச மருந்து கெட்டுப்போகாமல் இருக்க, அதை அந்த அம்மாவின் மகனிடம் கொடுத்து முதலில் கீழே அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மா உனக்கு ஃபோன் செய்தாள். நீ கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்ன ஆச்சு?" அப்புறம், "பிரேக் அடிக்காம கிளட்ச்சப் புடிச்சிருப்பா. அவளுக்கு என்ன தெரியும்? நான் மாட்டுனது பெர்ஃபெக்ட்." வலிக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையோடு அவள் அதைக் கேட்டாள். அன்று ராத்திரி, "எனக்கே தெரியல பா. கிளட்ச்சத்தான் புடிச்சேனோ என்னமோ" என்றாள். நான் விட்டேனா? "நீ என்ன பிடிச்சேன்னு உன் கைக்குத் தெரியும். சென்னையில இருக்கிறவனுக்குத் தெரியாது" என்றேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை. கட்டோடு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பஸ்ஸில் போனாள். பஸ், ஃபெர்ரி, ஜீப், மிச்சம் நடை. பாதிக் குடியிருப்புக்குப் போக முடியவில்லை. டவுனுக்குள்ளேயே மாற்றல் கேட்கலாமா என்று உன் அம்மாவோடு மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். கல் மாதிரிப் பிடிக்கிற பிரேக்கை மாட்டுகிறேன் என்று சொன்னவன், ஒரு ஃபோன் பேச்சில் என் பெண்ணை நிறுத்திவிட்டாய்.

அது போதாது என்று டவுனில் லம்பா லைன் பகுதியில் இருக்கும் உன் சிநேகிதனை அனுப்பினாய். மினி லாரியோடு வாசலில் வந்து நின்றான். "அங்கிள், நமஸ்தே. பாய் ஃபோன்ல போலா. காடிய ஏத்திக்கிட்டுப் போகச் சொன்னாரு." பாய் என்றது உன்னைத்தான். எந்த வண்டி என்றேன். "இதுதான் அங்கிள். சும்மா பேக்கார்ல நிக்குதுன்னு…" என்றான். "வேலை இல்லாம பேக்கார்ல நிக்கிறது நான்தான். என்னைய ஏத்திக்கிட்டுப் போ. ஒன் பாய்கிட்ட இறக்கி விடு. எனக்கும் அவன்கிட்ட ஜோலி இருக்கு" என்றேன். நல்ல பையன், சிரித்துவிட்டான். தேநீர் குடித்துவிட்டு வெறும் லாரியோடு திரும்பிப் போனான். வண்டி உன் பெயரில் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். சாவி என் இடுப்பில் இருக்கிறது, அது உனக்குத் தெரியட்டும்.

அவன் போனதும் வண்டியைப் பிரித்தேன். இந்த முறை என்னைத் தள்ளி நிற்கச் சொல்ல யாரும் இல்லை. வாஷர்தான் காரணம் என்று எனக்குத் தீர்மானம். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கிறது, அது கெட்டியாகிப்போனால் சரியாகப் படியாது, கசியும். புதியது வர வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும். அதனால் இங்கே எல்லோரும் செய்வதுபோல அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக வைத்தேன். "அன்னைக்கு அவன் சோத்துச் சட்டிய எடுத்தான், இன்னைக்கு நீங்க அடுப்ப எடுத்துட்டீங்களா? இந்த வீட்ல நான் எதுலதான் ஆக்குறது?" என்றாள் உன் அம்மா. மாட்டினேன். ஆயில் ஊற்றினேன். புஷ்பா நல்ல கையால் லீவரை அமுக்க, நான் கீழே உட்கார்ந்து காற்று எடுத்தேன். லீவர் கல்லாகிவிட்டது. முடிந்தது என்று துணியில் கையைத் துடைத்தேன். "அண்ணன் ஓட்டுனப்பவும் இப்படித்தான் பா கல்லா இருந்துச்சு" என்றாள் புஷ்பா. எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்போது உன் அம்மா துவைத்த துணி வாளியோடு வந்தாள். வண்டி வழியை மறித்து நின்றது. அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து இடது பக்கம் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டு, இடுக்கில் நுழைந்து போய்விட்டாள். என் விரல் அந்த போல்ட்டின் மேல் இருந்தது. லைன் துணி காயப்போடுகிற கொடிபோல விறைத்தது. விரலுக்கு அடியில் அந்த இணைப்பு நறுக்கென்று அசைந்தது. புஷ்பா லீவரை அமுக்கினாள். போல்ட்டைச் சுற்றி ஒரு முத்து ஆயில் எழும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். "அப்பா, ஃபெர்ரியில இப்படித்தான் திருப்பிக் கட்டுவாங்க. தினமும் போகும்போதும் வரும்போதும்" என்றாள். அவ்வளவுதான். ஹேண்டில் திரும்பும்போது ஃபோர்க் கூடவே திரும்பும். ஃபிரேம் திரும்பாது. திரும்புகிற லைனைத் திரும்பாத ஃபிரேமோடு கட்டிவிட்டாய். தெருவில் ஓட்டும்போது யாரும் ஹேண்டிலைக் கடைசி வரை திருப்புவதில்லை, அதனால் உனக்குத் தெரியவில்லை. ஃபெர்ரியில் வண்டிகளை நெருக்கி அடுக்க ஒவ்வொரு ஹேண்டிலையும் இடது பக்கம் முழுக்க மடக்கிக் கயிறு போடுகிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் அந்த போல்ட் இழுபட்டு இழுபட்டு இளகியிருக்கிறது. வாஷரும் கெட்டியாகித்தான் போயிருந்தது. அதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதை வேறொருவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். மெயின்லேண்டில் பிறந்த மெக்கானிக் செய்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். கடல் ஏறிவந்து கச்சாலில் வீடும் தோட்டமும் போன பிறகு, நம்மைக் கொண்டுவந்து பாம்பூஃப்ளாட்டில் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? தண்ணீரைப் பார்த்தாலே உன் தங்கை என் காலைக் கட்டிக்கொள்வாள். பள்ளிக்கூடமோ இக்கரையில், சாத்தம் பக்கம். ஃபெர்ரியில் ஏறமாட்டேன் என்று அலறுவாள். அவளை ஏற வைத்தது நான் இல்லை, நீ. ஃபெர்ரிக்காரர்களோடு சிநேகம் பிடித்து, வண்டி அடுக்குவதில் நீயும் ஒரு ஆளாகிவிட்டாய். மீசை வைத்த பெரிய ஆட்களிடமே, "ஹேண்டில் சோடோ அங்கிள், ஹம் கரேகா", விடுங்கள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதட்டி வாங்கி, நீ மடக்குவாய். கயிற்றின் நுனியைத் தங்கை கையில் கொடுத்து, "இத நீ கெட்டியாப் பிடிச்சிக்க. நீ விட்டா எல்லா வண்டியும் கடல்ல விழுந்துரும்" என்பாய். அவள் கரை வரும்வரை கயிற்றையே பார்த்துக்கொண்டு வருவாள். தண்ணீரைப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்காது. அப்படித்தான் அவள் பயம் போனது. அந்தக் கையால் எத்தனை ஹேண்டிலை மடக்கியிருப்பாய்! தங்கை ஓட்டப்போகிற வண்டியில் லைனைக் கட்டும்போது அந்தக் கை அதை எப்படி மறந்தது? உடம்பு கப்பல் ஏறுவதற்கு ஒருநாள் முன்பே உன் மனசு ஏறிவிட்டது. அவள் தினமும் கடலைக் கடக்க வேண்டும் என்பதே உன் கணக்கில் இல்லை. என் கோபம் அதன்மேல்தான். அந்தப் பிளாஸ்டிக் டையின்மேல் இல்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்கிறாள் உன் அம்மா. எழுதுகிறேன். ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்கு முன், அதை நீ எங்கே ஓட்டுவாய் என்று பார்க்காதே, அவர்கள் எங்கே ஓட்டுவார்கள் என்று பார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். யாராவது விழுந்தால் முதலில் வலிக்கிறதா என்று கேள். எப்படி விழுந்தாய் என்பதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. உன் மனைவி ஒருநாள் விழுவாள், பால் பொங்கவிடுவாள், எதையாவது உடைப்பாள். அப்போது "உனக்கு என்ன தெரியும்" என்று நீ வாயைத் திறந்தால், இந்தக் கடிதத்தை அவள் எடுத்து உன் முகத்துக்கு நேராகப் பிடிக்கட்டும். அதற்காகவே கெட்டிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன்.

டைகளை நறுக்கினேன். ஆணி டப்பாவைக் கொட்டி அந்தக் கிளிப்பைத் தேடி எடுத்து, லைனை ஃபோர்க்கோடு ஓட விட்டேன். மிச்சம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வளைந்து தொங்குகிறது. அசிங்கமாகத்தான் இருக்கிறது. உன் ஸ்டீல் லைனை நான் தூக்கி எறியவில்லை, அதையும் தெரிந்துகொள். நல்ல சாமான். கட்டுப் பிரித்த பிறகும் புஷ்பா வண்டியைத் தொடவில்லை. மருத்துவர் கை சரியாகிவிட்டது என்றார், இவள் இன்னும் வலிக்கிறது என்றாள். நேற்று காலையில் ஹெல்மெட்டை நான் மாட்டிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். "இறங்குங்க பா, விளையாடாதீங்க" என்றாள். இறங்கமாட்டேன் என்றேன். "இந்த வயசுல விழுந்தா எலும்பு சேராதுங்க" என்று உன் அம்மா கத்தினாள். "விழமாட்டேன். ஓட்டுறவ நல்லா ஓட்டுவா" என்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது. வெயில் ஏறியது. நான் அசையவில்லை. கடைசியில் அவமானம் தாங்காமல்தான் அவள் ஏறினாள். எப்படி ஏறினால் என்ன?

ஃபெர்ரியில் ஒரு பையன் வந்து வழக்கம்போல ஹேண்டிலை மடக்கப் போனான். "ருக்கோ" என்று அவனை நிறுத்தி, அவள் அந்த போல்ட்டின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். "இப்பத் திருப்பு" என்றாள். அவன் கடைசி வரை திருப்பினான். "க்யா தீதி, நாடி தேக் ரஹீ ஹோ க்யா?" என்று கேட்டான். என்ன அக்கா, வண்டிக்கு நாடி பார்க்கிறாயா என்று. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஆமா, டீக் ஹை, நல்லா இருக்கு" என்றாள். போல்ட் அசையவில்லை. கயிற்றை அவளே வாங்கிக் கட்டினாள். அக்கரையில் மலை ஏறினோம். இறங்கும்போது அந்த வளைவு வந்தது. அவள் முதுகு விறைத்ததை நான் உணர்ந்தேன். பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நின்றது. நடுரோட்டில், ஆடும் இல்லாமல் மாடும் இல்லாமல், சும்மா நின்றது. பிறகு அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நான் அன்னைக்குப் பிரேக்கத்தான் பா பிடிச்சேன்." தெரியும் என்றேன்.

இனி நீ செய்ய வேண்டியது. வண்டியை அவள் பெயருக்கு மாற்றிக் கொடு. அவளுக்கு ஃபோன் செய்து, நீ பிரேக்கைத்தான் பிடித்தாய், நான்தான் லைனைத் தப்பாகக் கட்டினேன் என்று சொல். அவள் உன்னைத் திட்டினால் கேள். விட்டு விட்டு வருகிறது என்று வைக்காதே. கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் கப்பலில் வருவோம். கை எப்படி முறிந்தது என்று பெண்ணின் பெரியம்மா கேட்டால், மலைமேல் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போய் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தாள், இப்போது மறுபடியும் ஓட்டுகிறாள் என்று சொல்வேன். அது பிடிக்காதென்றால் என்னை மண்டபத்தில் தள்ளி நிற்கச் சொல். இந்தத் தடவை நிற்கமாட்டேன்.

கல்யாணம் முடிந்து நீயும் உன் மனைவியும் இங்கே வந்து இறங்குகிற அன்று புஷ்பா வண்டியோடு வந்து நிற்பாள். பின்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம். அண்ணியை அவள் ஏற்றிக்கொள்வாள். நீ பெட்டிகளோடு பஸ்ஸில் வா. கராச்சர்மா பஸ் எங்கே நிற்கும் என்பதாவது உனக்கு நினைவிருக்கும்.

அப்பா